மாமியார் ஏலத்தில் எடுத்த கார்

சாப்பாட்டு மேஜைக்கு நாற்காலி வாங்கப் போன மாமியார் ஒரு காரோடு வந்து இறங்கினாள். காரிலிருந்து இறங்கவில்லை. காரைச் சங்கிலி போட்டு இழுத்து வந்த லாரியின் முன்சீட்டிலிருந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

மருமகள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனால் கூப்பிடுவது அவளைத்தான். ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வெறும் சாக்ஸுமாக அப்படியே தெருவில் இறங்கி நின்றுவிட்டாள்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. கருநீல நிறம். தெருவில் நிற்கும் மற்ற வண்டிகளைவிட ஒரு கதவு அளவுக்கு நீளம். முகப்பில் வெள்ளி மாதிரி மின்னும் கம்பிச் சட்டம், உள்ளே மர வேலைப்பாடு, தோல் சீட். ஆனால் வயதாகிவிட்டது. மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்கூரைத் துணி கிழிந்து தொங்கியது. ஒரு கண்ணாடி மூட மறுத்தது.

"ஏலத்துல யாருமே கை தூக்கலை. இரும்பு விலைக்கு எடுக்கிறவன் மட்டும் ஓரமா நின்னு சிரிச்சிட்டு இருந்தான். எனக்குப் பொறுக்கலை, தூக்கிட்டேன்" என்றாள் மாமியார்.

பொறுக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. நகரத்தின் பெரிய ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதிக்கு அவள்தான் தலைமை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் வேலை. முக்கியமான விருந்தாளிகளை அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் ஓட்டல் வைத்திருந்த வண்டி இது. இதன் வெள்ளை சீட் உறைகள் வாராவாரம் அவளிடம்தான் வரும். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் திருப்பி அனுப்புவாள். இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் ஒருநாளும் அவள் உட்கார்ந்ததில்லை. ஓட்டலை மூடி, மேஜை நாற்காலியிலிருந்து ஸ்பூன்வரை எல்லாவற்றையும் ஏலம் விட்டபோது, கடைசியாக இந்த வண்டியை வெளியே தள்ளி வந்தார்களாம்.

மாமனார் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. வெளியே வந்து பார்த்தார். கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், உள்ளே போய்விட்டார். அவர் கோபத்தின் உச்சமே அவ்வளவுதான். அன்று சாப்பிடும்போது மட்டும், அந்த வண்டியில் தான் ஏறப்போவதில்லை என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். மருமகளின் புருஷனுக்கு மருந்துக்கடை. அவனோ, தன் ஸ்கூட்டரை இனிமேல் எங்கே நிறுத்துவது என்று கேட்டதோடு சரி.

மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. கேஸ் தீர்ந்தது, மோட்டார் போடணும், சாவி ஆணியில் இருக்கு, இவ்வளவுதான். அன்று மாலை மாமியார் அவள் அறை வாசலில் வந்து நின்று, இதைச் சரி பண்ண முடியுமா என்று கேட்டபோது மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் வேறு, கார் வேறு என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஜன்னல் வழியே அந்த நீண்ட நீல உடம்பு தெரிந்தது. கை பரபரத்தது.

"பார்ப்போம் அத்தை" என்றாள்.

ஒரு சிக்கல் இருந்தது. இவ்வளவு பழைய வண்டி மழைக்காலம் முடிவதற்குள் தகுதிச் சோதனையில் தேறியாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து. அப்புறம், ஏலத்தில் ஓரமாக நின்று சிரித்தவனிடம்தான் போக வேண்டும்.

தெருமுனை ஒர்க்‌ஷாப்காரர் வந்து பார்த்தார். நேர்மையான மனிதர். இந்த மாதிரி வண்டிக்குப் பாகங்கள் தேடியே தாவு தீர்ந்துவிடும், இதை ஏற்றுக்கொண்டு உங்களை இழுத்தடிக்க எனக்கு மனசில்லை என்று சொல்லிவிட்டார். பிரேக், டயர், பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிற அழுத்தக் குழாய்கள், இவற்றை மட்டும் தான் பார்த்துக் கொடுப்பதாகவும் இன்ஜினுக்கு வேறு ஆளைப் பார்க்கும்படியும் சொன்னார். வேறு ஆள் யார்? மருமகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு மாலையும், ஒவ்வொரு ஞாயிறும் இதே வேலைதான். கெட்டுப்போன பெட்ரோலை இறக்கினாள். ஆயில் மாற்றினாள், பிளக் மாற்றினாள், புது பேட்டரி வைத்தாள். மாமியார் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். பத்தாம் நம்பரும் பன்னிரண்டாம் நம்பரும் முதலில் குழம்பின. ஒரு வாரத்தில் கேட்காமலே கொடுக்க ஆரம்பித்தாள்.

மருமகள் முதல் முறையாகச் சாவியைத் திருப்பினாள். மோட்டார் இருமுறை முனகியது. மூன்றாம் முறை, ஒரு பெருமூச்சு மாதிரி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நின்றுவிட்டதோ என்று மருமகள் பதறி, இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள். முள் ஆடிக்கொண்டிருந்தது. மாமியார் இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

"ஓடுதா?"

"ஓடுது அத்தை."

மாமியார் கையை எடுக்கவே இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த வீட்டுக்கு வந்த நாளாக மருமகள் அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு வெள்ளோட்டம். சீட்டுகளுக்கு வெள்ளை உறை தைக்கச் சொல்லி மாமனாரிடம் கேட்க மனமில்லாமல், மாமியார் வீட்டிலிருந்த படுக்கை விரிப்பையே மடித்து இஸ்திரி போட்டு விரித்தாள். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு பின்சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்தாள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. வண்டி நழுவிக்கொண்டு போனது. கடைத்தெரு, பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் எல்லாம் தாண்டி, நகரத்திலேயே பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. பச்சை விழுந்தபோது இன்ஜின் நின்றுபோயிருந்தது.

பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரனை அமுக்கின. மருமகள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழக்கடைக்காரர்களும் ஒரு போலீஸ்காரரும் சேர்ந்துதான் ஓரம் கட்டினார்கள். இறங்குங்கள் அத்தை என்று சொன்னதற்கு மாமியார் மறுத்துவிட்டாள். ஓட்டல் விருந்தாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, தள்ளுகிறவர்களுக்கு ஜன்னல் வழியே நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். அரைமணி கழித்து, இன்ஜின் ஆறியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது.

பெட்ரோல் பம்ப்தான் என்று மருமகள் அடித்துச் சொன்னாள். சூடானால் பம்ப் திணறும், அவளுக்குத் தெரியாதா? தேடி அலைந்து ஒரு பம்ப் பிடித்து, கை முழுக்கப் பெட்ரோல் நாற மாட்டினாள். மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை பாலத்தின் நட்டநடுவில் நின்றது.

அன்று வீட்டுக்கு வந்தவள் கழற்றிய பழைய பம்ப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் வேலையில் இப்படிக் குருட்டாம்போக்கில் பாகம் மாற்றுகிறவர்களைப் பார்த்து அவளே எத்தனை முறை சிரித்திருக்கிறாள். இப்போது அதையேதான் செய்திருக்கிறாள். மாமனார் தட்டைப் பார்த்தபடி, சரி, விட்டுத் தொலையுங்கள் என்றார்.

மாமியார் விட்டுத் தொலைக்கவில்லை. மறுநாள் மருமகள் வேலை முடிந்து வந்தபோது மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்ஜினை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எதையும் அழுக்காக விட அவளால் முடியாது. துணியைத் திருப்பிக் காட்டினாள்.

"இது என்னன்னு பாரு. ரஸ்க் தூள் மாதிரி உதிருது. தொடத் தொட வந்துக்கிட்டே இருக்கு."

துணியில் சிவப்பும் பழுப்பும் மஞ்சளுமாகத் துகள்கள். மருமகள் ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பார்த்தாள். இன்ஜினுக்குப் பின்னால் போகும் கறுப்புக் குழாயைக் கத்தியால் நீளமாகக் கிழித்தாள். உள்ளே போகிற வயர்கள் ஒவ்வொன்றும் பல வருஷச் சூட்டில் வறண்டு, மேல்தோல் பொரிந்து, செம்புக் கம்பி அம்மணமாகத் தெரிந்தது. ஆறியிருக்கும்போது ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். சூடாகி இளகினால் ஒன்றோடொன்று உரசும். இன்ஜின் செத்துவிடும்.

"அத்தை" என்றாள். "கண்டுபிடிச்சிட்டீங்க."

"எதை?"

மருமகள் உள்ளே ஓடினாள். சாப்பாட்டு மேஜையில் இருந்த சாமான்களையெல்லாம் வாரித் தரையில் வைத்துவிட்டு, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் மேஜை என்று ஒன்று இல்லை. இன்ஜினிலிருந்து கழற்றி எடுத்த வயர்க்கட்டு, நரம்பு மண்டலம் மாதிரி பலகை முழுக்கக் கிளை விரித்துக் கிடந்தது. அதன் வடிவத்துக்கு ஆணி அடித்து, சூடு தாங்கும் புது வயரை ஒவ்வொன்றாக இழுத்தாள். இது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. லிஃப்ட் பெட்டிக்குள் இதைவிடச் சிக்கலானதையெல்லாம் பார்த்திருக்கிறாள். எந்த வயர் எங்கே போகிறது என்பதுதான் தலைவலி. மேல்தோலோடு பழைய நிறங்களும் உதிர்ந்துபோய்விட்டன.

அதற்குக் கழற்றும்போதே மாமியார் வழி சொல்லியிருந்தாள். ஓட்டலில் அறைக்கு அறை துணி மாறாமலிருக்க ஓரத்தில் வண்ண நூல் முடிந்து அனுப்புவார்களாம். அதே மாதிரி கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் இரண்டு நிற நூலை முடிந்திருந்தாள். பச்சையும் வெள்ளையும் என்றால் மூன்றாவது பிளக் பக்கம். ஊதாவும் மஞ்சளும் என்றால் சூடு அளக்கிற முள். காகிதத்தில் எதையும் எழுதவில்லை. எல்லாம் அவள் மண்டைக்குள்ளேயே இருந்தது. மருமகள் சோதித்துப் பார்த்தாள், ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஆண்கள் இருவரும் அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஒருநாள் மாமனார் நூல்கண்டுகளைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை. பலகையைப் பார்த்தார். தன் நூல்கள் அத்தனையும் அங்கே முடிச்சு முடிச்சாகத் தொங்கக் கண்டார். மருமகள் வேலையை நிறுத்திவிட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரானாள்.

அவர் குனிந்து ஒரு முடிச்சை இரண்டு விரலால் இழுத்தார். அவிழ்ந்து வந்துவிட்டது.

"இப்படிப் போட்டா நிக்குமா? தள்ளுங்க" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லா முடிச்சையும் திரும்பப் போட்டார். எழுந்து போகும்போது, தொங்குகிற உள்கூரையைப் பார்க்கவே கண்றாவியாக இருக்கிறது, அந்தத் துணியைக் கழற்றிக் கொண்டுவந்து போடுங்கள் என்று முணுமுணுத்தார். மாமியார் அவர் முதுகைப் பார்த்தபடி மருமகளின் தொடையில் கிள்ளினாள்.

புது வயர்க்கட்டு ஏறிய மாலையில் வண்டியை நேராகக் குன்றுச் சாலைக்கு விட்டார்கள். ஏற்றத்தில் சூடாகட்டும், நிற்பதாக இருந்தால் இங்கேயே நின்று தொலைக்கட்டும் என்பது மருமகளின் எண்ணம். ஒவ்வொரு வளைவிலும் அவள் கண் சூட்டு முள்ளுக்குப் போனது. அது ஏறியது, நடுவில் நின்றது. உச்சிக்கு வந்து, வேண்டுமென்றே இன்ஜினை அணைத்து உடனே போட்டாள். எடுத்துக்கொண்டது. மறுபடி அணைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பின்சீட்டிலிருந்து மாமியார் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் நிறுத்து. இங்க உட்கார்ந்தா ஒண்ணுமே தெரியலை. முள்ளு தெரியலை, ரோடு தெரியலை. இவ்வளவு நாள் இந்த சீட்டுக்கா ஆசைப்பட்டேன்?"

இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடிக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனாள். இறக்கத்தில் வேகம் எடுத்தபோது கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போ, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒர்க்‌ஷாப்காரர் கசிந்த குழாயை மாற்றிக்கொடுத்ததும் பின்பக்கம் நிமிர்ந்தது. மூடாத கண்ணாடி மூடியது. உள்கூரை இழுத்துக் கட்டிய பந்தல் மாதிரி விறைப்பாக நின்றது. ஒரு பாகம் தாமதமாகி, அடுத்தது தாமதமாகி, கடைசியில் சோதனைக்கு மிஞ்சியது கெடுவின் கடைசி நாள்தான். அதற்கு முந்தின மாலை மாமனார், யாரும் கேட்காமலே, வெடித்துப்போயிருந்த ஸ்டியரிங்கின் நடு மெத்தைக்குப் புதுத் தோல் வெட்டி, கையாலேயே தைத்துப் போட்டார். தையல் அவ்வளவு நெருக்கம், அவ்வளவு நேர்த்தி. அவரும் சோதனைக்கு வருவதாகச் சொன்னார். வண்டியில் ஏறப்போவதில்லை என்று சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. மறுநாள் மருமகளின் புருஷன் மட்டும் கடையில் இருந்து மணிக்கொரு தரம் போன் போட்டான். மாமியார் அவனை மாத்திரை விற்கிற வேலையைப் பார்க்கச் சொன்னாள்.

சோதனைக்கூடத்தில் மழை பிசுபிசுத்தது. வரிசை நகர்ந்து நகர்ந்து, இவர்கள் முறை வரும்போது மாலையாகிவிட்டது. மழைக்கோட்டு போட்ட அதிகாரியம்மா வந்தாள். விளக்குகள், சரி. புகை, சரி. உருளைகளின்மேல் ஏற்றிப் பிரேக்கைப் பார்த்தாள், அதுவும் சரி. இந்த வயதுக்கு நல்ல பிரேக் என்று அவளே சொன்னாள். மருமகளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"ஹாரன் அடிங்க" என்றாள் அதிகாரியம்மா.

மருமகள் அமுக்கினாள். சத்தம் இல்லை. பலமாக அமுக்கினாள். இரண்டு கையாலும் அமுக்கினாள். ஒன்றும் இல்லை.

"ஹாரன் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது. கேட் மூடறதுக்குள்ள சரி பண்ணிட்டு வந்தா பார்க்கிறேன்" என்றாள் அதிகாரியம்மா. கடிந்து சொல்லவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

மருமகள் மூடியைத் திறந்தாள். ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. அப்படியானால் வயர். அவள் இழுத்த வயர். ஏதோ ஒன்றை மாற்றிக் கொடுத்திருக்கிறாள், அத்தனையையும் பிரித்தால்தான் தெரியும். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, புத்தம்புதுக் கட்டின்மேல் குனிந்துவிட்டாள்.

"இரு" என்றாள் மாமியார், அவள் மணிக்கட்டைப் பிடித்து. "நீ போட்டதுல தப்பு இருக்காது. முதல்ல ஹாரன் உயிரோட இருக்கான்னு பாரு."

மருமகள் கத்தியை மடக்கினாள். ஒரு துண்டு வயரை எடுத்து பேட்டரியிலிருந்து நேராக ஹாரனுக்குத் தொட்டாள். கப்பல் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். கூடத்தில் இருந்த எல்லோரும் துள்ளித் திரும்பினார்கள். ஹாரன் நன்றாக இருக்கிறது. வயரும் ஸ்டியரிங்வரை நன்றாகத்தான் இருக்கிறது என்று சோதனை விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டாள். மிச்சம் அமுக்குகிற இடம் ஒன்றுதான்.

பின்சீட்டிலிருந்து மாமனார் மெதுவாக இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

"என் தோல்தாம்மா அது. ஓரத்தை ரெண்டு மடிப்பா மடிச்சுத் தைச்சேன். மெத்தை உள்ள இறங்க இடமில்லை."

மருமகள் மெத்தையை நெம்பி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். மாமியார் குடையைப் பிடித்தாள். நேற்று மாலை முழுக்க உட்கார்ந்து போட்ட தையலை, ஒவ்வொன்றாக வெட்டினால் நேரமாகும் என்று, கத்தரியை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் கிழித்தார். தோல் கழன்று மழையில் விழுந்தது. வெடித்த பழைய மெத்தையை மருமகள் பொருத்தினாள். வாசல் கேட்டை ஒருவர் இழுக்க ஆரம்பித்திருந்தார்.

"நீங்களே அடிங்க மாமா" என்றாள் மருமகள்.

அவர் அடித்தார். ஒருமுறை அடித்தாலே போதும். அவர் விரலை எடுக்கவில்லை. அதிகாரியம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு நடந்து வந்து, கேட்டுச்சு, கேட்டுச்சு என்று சொல்லி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மேற்கே வெளுத்திருந்தது. மாமியார் முன்சீட்டில், மடியில் கைப்பையோடு. மாமனார் பின்சீட்டின் நடுவில், இரண்டு சீட்டுக்கும் இடையில் தலையை நீட்டிக்கொண்டு. முதலில் மெதுவாகப் போகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வேக முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு பேருந்து புகையைக் கக்கிக்கொண்டு வழியை அடைத்துப் போனது.

"இவன் பின்னாலயே எவ்வளவு நேரம் போறது? தாண்டும்மா" என்றார்.

மருமகள் மிதித்தாள். அந்த நீண்ட உடம்பு ஒரு நொடி யோசித்துவிட்டு, மூவரையும் சீட்டோடு அழுத்திக்கொண்டு பாய்ந்தது. பேருந்து பக்கத்தில் வந்தது, பின்னால் போனது, கண்ணாடியில் சின்னதாகிவிட்டது. மாமனார் ஸ்டியரிங்கை எட்டி நன்றிக்கு ஒரு ஹாரன் அடித்தார். தேவையே இல்லை.

அப்போது மாமியார் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தாள். தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

"இடது பக்கம் பின்னால. டொக், டொக்குனு ஒரு சத்தம். உனக்குக் கேக்குதா?"

மருமகளுக்கும் கேட்டது. சக்கரத்தோடு சேர்ந்து வருகிற சத்தம். பேரிங் ஆக இருக்கலாம், அச்சு இணைப்பாகவும் இருக்கலாம். இந்தத் தடவை எதையும் அடித்துச் சொல்ல அவள் தயாராக இல்லை.

"பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும் அத்தை."

"நாளைக்கு உனக்கு லீவுதானே?" என்று கேட்ட மாமியாரின் குரலில் இருந்த அவசரத்தைப் பார்த்து மாமனார், முதலில் அந்த மேஜையைக் காலி செய்யுங்கள், எத்தனை நாளைக்கு நின்றுகொண்டே சாப்பிடுவது என்று ஆரம்பித்தார். இருவர் காதும் பின்சக்கரத்திலேயே இருந்தது. சத்தம் வேகத்தோடு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க, மருமகள் இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.